டிஎஃப்டிபி வழியாக ஏற்றும் சுவிட்ச் ஃபர்ம்வேர் பாதியில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாக் கட்டடங்களிலும் ஒரே நிறுவனத்தின் 24 போர்ட் சுவிட்சுகள்தான். பாதி பழைய மாடல், பாதி புதியது. இரண்டுக்கும் ஒரே ஃபர்ம்வேர் இமேஜ்தான் (சுவிட்சை இயக்கும் மென்பொருள் அடங்கிய கோப்பு) என்று வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துப் புதிய பதிப்பு வந்திருப்பதால், தேர்வு தொடங்குவதற்கு முன் எல்லாவற்றிலும் ஏற்றிவிட நினைத்தேன்.

லினக்ஸ் கணினி ஒன்றில் டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய முறை) சர்வர் வைத்திருக்கிறோம். பல ஆண்டுகளாக அதிலிருந்துதான் எல்லா சுவிட்சுகளும் இமேஜை எடுத்துக்கொள்கின்றன. புதிய மாடல் சுவிட்சுகள் அனைத்தும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிட்டன. பழைய மாடலில் முதலாவதாக நூலகத்து சுவிட்சை எடுத்தேன். ஏறத்தாழ 32 எம்பி வந்ததும் அப்படியே நின்று, சிறிது நேரம் கழித்து 'நேரம் கடந்தது' என்று சொல்லிவிட்டது. இமேஜின் அளவு 37 எம்பி. இந்த மாடலில் இமேஜ் வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. டிஎஃப்டிபி வழியாகப் போனால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கும். ஆகவே அது இப்போது பூட்லோடரில், அதாவது இமேஜை ஏற்றித் தொடங்கிவைக்கும் சிறு நிரலில், நிற்கிறது. அங்கிருந்து முயன்றாலும் அதே இடத்தில் நிற்கிறது. நூலகத்தில் இணையம் இல்லை. கேபிள் மாற்றினேன், வேறு போர்ட்டில் போட்டேன், பயனில்லை. ஃப்ளாஷ் நினைவகம் பழுதாகிவிட்டதா?

நிலவொளி

சர்வர் கணினியில் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் வேகமும் டூப்ளெக்சும் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதா என்ற அமைப்பு) பொருந்தாமல் இருந்தாலும் இப்படி அறுந்துபோகும். இரு பக்கமும் தானியங்கியாக வையுங்கள்.

வைகைக்கரை

பார்த்துவிட்டேன் நண்பரே. வட்டில் இடம் தாராளமாக இருக்கிறது. போர்ட்டில் பிழை எண்ணிக்கை சுழியம். அறுவதாக இருந்தால் வெவ்வேறு இடத்தில் அல்லவா அறுந்திருக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதுதான் புரியவில்லை.

பழைய கன்சோல்

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஃப்ளாஷ் பழுது என்று முடிவு கட்டி சுவிட்சை ஓரங்கட்டிவிடாதீர்கள். ஏறத்தாழ 32 எம்பி என்பது போதாது. நிற்கும்போது பூட்லோடர் திரையில் எத்தனை பைட் வந்தது என்று காட்டும் அல்லவா, அந்த எண்ணை முழுதாக எழுதுங்கள். முடிந்தால் சர்வர் பக்கம் பாக்கெட்டுகளைப் பிடித்து, கடைசிச் சிலவற்றில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

வைகைக்கரை

திரையில் இருப்பது 33553920.

வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்தேன். கடைசியாகச் சரியாகப் போன தரவுப் பாக்கெட்டின் பிளாக் எண் 65535. அதற்கு சுவிட்சிலிருந்து ஒப்புதல் வருகிறது. அடுத்த பாக்கெட்டை சர்வர் பிளாக் எண் 0 என்று அனுப்புகிறது. சுவிட்ச் அதற்குப் பதிலே சொல்வதில்லை. சர்வர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது.

பழைய கன்சோல்

விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. 33553920 என்பதை 512ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 65535 வரும்.

டிஎஃப்டிபி கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எழுத பாக்கெட்டில் ஒதுக்கப்பட்ட இடம் இரண்டே பைட், அதாவது 16 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65535. 1992இல் ஆர்எஃப்சி 1350 என்ற இணையத் தர ஆவணம் இந்த முறையை எழுதிவைத்தபோது, அதற்கு மேல் போனால் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. அதனால் மென்பொருள் எழுதியவர்கள் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். சிலர் எண்ணை மறுபடியும் 0இலிருந்து தொடங்கினார்கள், சிலர் 1இலிருந்து தொடங்கினார்கள். உங்கள் பழைய சுவிட்சின் பூட்லோடரைப் போல, சிலர் அந்த நிலையைக் கணக்கிலேயே கொள்ளவில்லை. உங்கள் சர்வர் 0 என்று தொடர்கிறது, சுவிட்சுக்கு அது புரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக இது வெளிப்படாததற்குக் காரணம், இதுவரை வந்த இமேஜ்கள் எல்லாம் 32 எம்பிக்குள் இருந்திருக்கும். பழைய இமேஜின் அளவைப் பாருங்கள்.

புதிய மாடல் ஏன் தப்பித்தது என்பதையும் அதே வயர்ஷார்க்கில் காணலாம். முதல் பாக்கெட்டை, அதாவது சுவிட்ச் கோப்பைக் கேட்கும் பாக்கெட்டை, இரு மாடலுக்கும் ஒப்பிடுங்கள்.

வைகைக்கரை

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பழைய இமேஜ் 26 எம்பிதான். பழைய மாடலின் கேட்புப் பாக்கெட்டில் கோப்பின் பெயரும் 'ஆக்டெட்' என்ற சொல்லும் மட்டும் இருக்கின்றன. புதிய மாடலில் அவற்றோடு 'பிளாக்சைஸ்' என்றும் 1468 என்றும் கூடுதலாக இருக்கிறது.

பழைய கன்சோல்

அதேதான். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2348, துண்டின் அளவை இரு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ள இடம் கொடுத்தது. 8 பைட்டிலிருந்து 65464 பைட் வரை எது வேண்டுமானாலும் கேட்கலாம். 1468 என்ற எண் அடிக்கடி வருவதற்குக் காரணம் எளிது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்குரிய 1500 பைட்டில் ஐபி தலைப்புக்கு 20, யுடிபி தலைப்புக்கு 8, டிஎஃப்டிபி தலைப்புக்கு 4 போனால் மிச்சம் 1468. அந்த அளவில் 65535 துண்டுகள் என்றால் 9 கோடியே 62 லட்சம் பைட் வரை போகலாம். உங்கள் 37 எம்பி அதற்குள் அடங்கிவிட்டது.

கேட்க வேண்டியது சுவிட்ச்தான். அது கேட்காதபோது சர்வர் தானாகப் பெரிய துண்டு அனுப்ப முடியாது. அதனால் சர்வரில் பிளாக்சைஸ் அமைப்பை மாற்றிப் பயனில்லை.

தெற்குவாசல்

லினக்ஸின் டிஎஃப்டிபிடி-எச்பிஏ சர்வர் மென்பொருளில் ரோல்ஓவர் (65535க்குப் பின் எந்த எண்ணிலிருந்து தொடர்வது என்ற விருப்பம்) என்று ஒன்று இருக்கிறதே? அதை 1 என்று வைத்தால் ஏறிவிடாதா?

பழைய கன்சோல்

அதையும் கோப்பைக் கேட்கும் பக்கம்தான் கேட்க வேண்டும். நெறிமுறைத் தரத்தில் இல்லாத கூடுதல் விருப்பம் அது. விருப்பம் எதையுமே கேட்கத் தெரியாத பூட்லோடருக்கு அது உதவாது. 1இலிருந்து தொடரும் வேறொரு சர்வரைத் தேடிப் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் இந்தப் பூட்லோடர் எந்த எண்ணை எதிர்பார்க்கிறது என்று தெரியாமல், நூலகத்தை இருட்டில் வைத்துக்கொண்டு சோதனை செய்வதை நான் விரும்பமாட்டேன். இதைவிட நேரான வழி இருக்கிறது.

வைகைக்கரை, அந்த 26 எம்பி பழைய இமேஜை முதலில் பூட்லோடரிலிருந்து டிஎஃப்டிபி வழியாகவே ஏற்றுங்கள். அது 32 எம்பிக்குள் இருப்பதால் தடையில்லாமல் ஏறும். சுவிட்ச் உயிர் பெற்று நூலகத்துக்கு இணையம் திரும்பிவிடும். ஓடும் நிலையில் அந்தப் பதிப்புக்கு இணையப் பக்கங்களை எடுக்கும் எச்டிடிபி வழியாக இமேஜை எடுக்கத் தெரியுமா என்று வெளியீட்டுக் குறிப்பில் பாருங்கள். தெரியுமென்றால் புதியதை அந்த வழியில் ஏற்றலாம். எச்டிடிபி, தரவின் வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும் டிசிபியின் மேல் ஓடுவதால் இந்த எண்ணிக்கை வரம்பே அங்கு இல்லை.

வைகைக்கரை

எச்டிடிபி இருக்கிறது. இமேஜ் முழுவதையும் முதலில் ரேமில் வாங்கி, நிறுவனத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஃப்ளாஷில் எழுதும் என்றும் குறிப்பில் போட்டிருக்கிறது. ஆனால் பழைய இமேஜ் எங்களிடம் இல்லை. சர்வரில் புதியது வந்ததும் பழையதை நீக்கிவிடுவது எனக்கு முன்பிருந்தவர்கள் காலத்திலிருந்தே இங்கு வழக்கம். நிறுவனத்தின் தளத்திலும் அந்தப் பதிப்பை எடுத்துவிட்டார்கள். மேலே நான் சொன்ன 26 எம்பி, இன்னொரு பழைய சுவிட்சின் பட்டியலில் பார்த்த அளவு.

நிலவொளி

தேடினால் பழைய இமேஜ்களைத் தொகுத்துக் கொடுக்கும் தளங்கள் சில கிடைக்கும். அவசரத்துக்கு அதில் எடுத்துக்கொள்ளலாமே.

பழைய கன்சோல்

வேண்டவே வேண்டாம். கல்லூரி முழுவதன் போக்குவரத்தும் கடந்து செல்லும் கருவிக்குள், யார் கை பட்டது என்று தெரியாத ஒரு கோப்பை வைப்பது பெரிய ஆபத்து. பழைய பூட்லோடர்கள் பலவும் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில்லை. செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தினால் போதும் என்று ஏற்றிக்கொள்ளும். அந்தச் செக்சமையோ இமேஜை மாற்றியவரே திருத்தி எழுதிவிடலாம்.

தேவையும் இல்லை. அந்த இமேஜ் உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. வைகைக்கரை, இன்னும் மேம்படுத்தப்படாத பழைய மாடல் சுவிட்ச் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதிலிருந்து இமேஜை சர்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான சுவிட்சுகளில் அதற்குக் கட்டளை உண்டு.

ஒரே ஓர் இடத்தில் தடுக்கும். டிஎஃப்டிபிடி-எச்பிஏ இயல்பாகப் புதிய கோப்பை உருவாக்க விடாது. அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை முன்பே உருவாக்கி, எல்லோரும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். வந்து சேர்ந்த கோப்பின் செக்சமை, அந்த சுவிட்ச் காட்டும் செக்சமோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் பழைய வெளியீட்டுக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் செக்சமோடும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஏற்ற வேண்டாம். இன்னொன்று, இரண்டு சுவிட்சுகளின் வன்பொருள் திருத்த எண்ணும் ஒன்றுதானா என்று அடிப்பக்க ஒட்டுத்தாளில் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வேறு சிப் வைத்து விற்பது உண்டு.

தெற்குவாசல்

கன்சோல் கேபிளில் எக்ஸ்மோடெம் என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை வழியாக நேரடியாகவே புதிய இமேஜை ஏற்ற முடியாதா? அதற்கு இந்த வரம்பு இல்லையே.

பழைய கன்சோல்

முடியும். 9600 வேகத்தில் (நொடிக்கு 9600 பிட், ஒரு பைட்டுக்குப் பத்து பிட்) நொடிக்கு 960 பைட்தான் போகும். 37 எம்பி போய்ச் சேர பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூட்லோடர் 115200 வேகத்துக்கு ஒத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நெட்வொர்க்கே இல்லாத இடத்தில் அது அருமையான கடைசி வழி. இங்கே அந்த நிலை இல்லை.

மலையோரம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இதோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது. தலைமை அலுவலகத்து டிஎஃப்டிபி சர்வரிலிருந்து மலைமேல் உள்ள கிளைக்கு இதே அளவு இமேஜ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லைன் 20 எம்பிபிஎஸ். பிங் 50 மில்லி நொடி காட்டுகிறது. லைனில் குறை என்று புகார் கொடுக்கட்டுமா?

பழைய கன்சோல்

லைன் நன்றாகத்தான் இருக்கிறது. டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பிவிட்டு, ஒப்புதல் வரும் வரை அடுத்ததை அனுப்பாது. போய்வர 50 மில்லி நொடி என்றால் நொடிக்கு 20 துண்டு, அதாவது 10 கேபி. லைனை எவ்வளவு அகலமாக்கினாலும் அதற்கு மேல் போகாது. 37 எம்பியை அந்தக் கணக்கில் வகுத்தால் நீங்கள் சொல்லும் ஒரு மணி நேரம் வந்துவிடும். இமேஜை ஒரே ஒரு முறை கிளைக்கு அனுப்பி, அங்கே உள்ள கணினியிலிருந்து பகிருங்கள், அல்லது எச்டிடிபிக்கு மாறுங்கள். நடுவில் ஃபயர்வால் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்பு 69ஆம் போர்ட்டுக்குப் போகும், பதில் வேறு போர்ட்டிலிருந்து வரும். 69ஐ மட்டும் திறந்துவைத்துவிட்டு எதுவும் வரவில்லை என்று திணறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை

நூலகத்து சுவிட்ச் ஓடுகிறது! வேதியியல் துறையின் சுவிட்சிலிருந்து பழைய இமேஜை எடுத்தேன். வெற்றுக் கோப்பு உருவாக்கும் வரை 'கோப்பு இல்லை' என்றே மறுத்தது, நீங்கள் சொன்னபடி செய்ததும் வந்துவிட்டது. மூன்று செக்சமும் பொருந்தின, திருத்த எண்ணும் ஒன்றே. பூட்லோடரிலிருந்து ஏற்றி, சுவிட்ச் எழுந்ததும் எச்டிடிபியில் புதியதை ஏற்றினேன். கையொப்பம் சரி என்று திரையில் வந்தபோதுதான் மூச்சு விட்டேன். மிக்க நன்றி ஐயா.

மீதமுள்ள பழைய மாடல்களையும் எச்டிடிபியிலேயே ஏற்றப்போகிறேன். இமேஜ்களை இனி எப்படி வைத்துக்கொள்வது என்று உங்கள் வழக்கத்தைச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பழைய கன்சோல்

மகிழ்ச்சி. என் வழக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. மாடலுக்கு ஓர் அடைவு, அதனுள் வன்பொருள் திருத்தத்துக்கு ஓர் அடைவு. இமேஜின் பெயரை நிறுவனம் கொடுத்தபடியே விட்டுவிடுவேன். 'புதியது', 'கடைசி' என்றெல்லாம் பெயர் மாற்றினால் ஆறு மாதத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. அதன் அருகிலேயே ஷா-256 செக்சமும் வெளியீட்டுக் குறிப்பும் இருக்கும். நிறுவனங்கள் பழைய குறிப்புகளையும் தளத்திலிருந்து எடுத்துவிடுகின்றன, அதனால் அன்றே இறக்கிவைத்துவிட வேண்டும். எந்த சுவிட்சில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, பூட்லோடர் பதிப்பு என்ன, என்று ஏற்றினோம் என்பதற்கு ஒரு சாதாரண அட்டவணை போதும். ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பும் அதற்கு முந்தையதும் காப்பகத்தை விட்டுப் போகவே கூடாது. ஒரு மாடலின் கடைசி சுவிட்ச் கழற்றப்படும் வரை நான் எதையும் அழிப்பதில்லை. நூறு இமேஜ் சேர்ந்தாலும் இன்றைய வட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது.

டிஎஃப்டிபி சர்வரை வேலை இல்லாத நேரத்தில் நிறுத்திவையுங்கள். அதற்குக் கடவுச்சொல் கிடையாது, கோப்பின் பெயர் தெரிந்த யாரும் எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சுகளின் அமைப்புக் கோப்புகளையும் அதே இடத்தில் போட்டுவைத்திருந்தால் இன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள். மேலாண்மை விலான் (மேலாண்மைக்கென்று பிரித்துவைத்த மெய்நிகர் நெட்வொர்க்) தவிர வேறு எங்கிருந்தும் அந்தச் சர்வரை எட்ட முடியாதபடி செய்துவிடுங்கள்.

வைகைக்கரை

அமைப்புக் கோப்புகளும் அங்கேதான் இருந்தன, மாற்றிவிட்டேன். வேதியியல் துறை சுவிட்சும் விடுதி சுவிட்சும் எச்டிடிபியில் ஏறிவிட்டன. தேர்வு அறைகளுக்குப் போகும் இரண்டை மட்டும் தேர்வு முடியும் வரை தொடப்போவதில்லை. அந்த ஓட்டை மேலாண்மைப் பக்கத்தில் இருப்பதால், அதுவரை அந்த இரண்டின் மேலாண்மைப் பக்கத்தையும் என் கணினியிலிருந்து மட்டும் திறக்கும்படி பூட்டிவைத்திருக்கிறேன். இது போதுமா?

பழைய கன்சோல்

போதும். வெளியீட்டுக் குறிப்பில் அந்த ஓட்டை எஸ்என்எம்பியையும் (சுவிட்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை) தொடுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். தொடுமானால் அதையும் உங்கள் கணினிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திவிடுங்கள்.