டீன் டைட்டன்ஸ் கோ: ரசிகர்களின் கோபம் எங்கிருந்து தொடங்கியது, அதை எப்படி அளப்பது?

மஞ்சள்கேப் கேட்டது:

வணக்கம். பழைய ‘டீன் டைட்டன்ஸ்’ கார்ட்டூனின் நாயகர்களையே வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடரான ‘டீன் டைட்டன்ஸ் கோ!’வுக்கு வந்த எதிர்வினைகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய தொடர் 400 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. டிசி காமிக்ஸ் நாயகர்களை வைத்து வந்த எந்தக் கார்ட்டூனும் இவ்வளவு தூரம் ஓடியதில்லை. ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வசவுதான். ஒரு தொடர் இவ்வளவு வெறுக்கப்பட்டுக்கொண்டே இவ்வளவு காலம் எப்படி ஓடியது என்பது பிடிபடவில்லை.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

1. கோபத்துக்கு அடிப்படைக் காரணம் எது? ‘சீரியஸான தொடரைக் காமெடி ஆக்கிவிட்டார்கள்’ என்பது மட்டும்தானா?
2. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எதிர்வினையைப் புரிந்துகொள்ள எந்த எபிசோடுகள் போதும், எந்த வரிசையில்?
3. ஐஎம்டிபி, ராட்டன் டொமேட்டோஸ் ஆகிய மதிப்பீட்டுத் தளங்களின் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய அலைவரிசை:

கோபத்தின் பிறந்த தேதியை 2013 என்று போட்டால் கட்டுரை தப்பான இடத்தில் தொடங்கிவிடும். 2006 ஜனவரி 16 என்று போடுங்கள். 2003 ஜூலை 19-இல் தொடங்கிய பழைய ‘டீன் டைட்டன்ஸ்’ தொடரின் 65-ஆவது, கடைசி எபிசோட் ஒளிபரப்பான நாள் அது. தலைப்பு ‘திங்ஸ் சேஞ்ச்’.

டைட்டன்களுக்குத் தோழியாகி, பிறகு துரோகம் செய்து, இரண்டாம் சீசன் முடிவில் கல்லாய்ப் போன டெர்ராவைப் போலவே ஒரு பள்ளி மாணவி அதில் வருகிறாள். பீஸ்ட் பாய் அவளுக்குப் பழையதை நினைவூட்டப் பார்க்கிறான். அவள் அசைந்து கொடுப்பதில்லை. இன்னொரு பக்கம் மற்ற டைட்டன்கள் ஒரு வெள்ளை அரக்கனோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையும் முடிவதில்லை. பீஸ்ட் பாய் அவளை விட்டுவிட்டு நண்பர்களிடம் ஓடுகிறான், அத்தோடு தொடர் முடிந்தது. அவள் டெர்ராதானா, கல்லிலிருந்து எப்படி மீண்டாள் என்று எதற்கும் விடை இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘ட்ரபிள் இன் டோக்கியோ’ படம் ராபினையும் ஸ்டார்ஃபயரையும் காதலில் சேர்த்து வைத்தது. டெர்ராவைத் தொடவே இல்லை.

ஆக, ஏழு வருடம் ஆறாம் சீசனுக்காகக் காத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. அதே ஐந்து நாயகர்கள், அதே ஐந்து குரல்கள் (ராபினுக்கு ஸ்காட் மென்வில், ஸ்டார்ஃபயருக்கு ஹிண்டன் வால்ச், பீஸ்ட் பாய்க்கு கிரெக் சைப்ஸ், சைபார்க்குக்கு கேரி பேட்டன், ரேவனுக்கு டாரா ஸ்ட்ராங்) திரும்பி வருகிறார்கள் என்றதும் அந்தக் கூட்டம் என்ன எதிர்பார்த்திருக்கும்? வந்ததோ 11 நிமிடத் துண்டுகள். முதல் எபிசோடே ஒரு சாண்ட்விச்சைப் பற்றியது. வேறு குரல்களை வைத்து எடுத்திருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. பழைய குரலைக் கேட்டதும் பழைய கதையின் நிலுவையும் சேர்ந்து நினைவுக்கு வந்துவிட்டது.

‘சீரியஸ் தொடரைக் காமெடி ஆக்கினார்கள்’ என்ற வாதத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். பழைய தொடரிலேயே காமெடி எபிசோடுகள் ஏராளம். ஜப்பானின் பஃபி அமியுமி பாடிய தலைப்புப் பாடலுக்கு ஆங்கிலம், ஜப்பானியம் என இரண்டு வடிவங்கள் உண்டு. ஜப்பானிய வடிவம் ஒலித்தால் அன்றைக்குக் கூத்து எபிசோட் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்த அடையாளம். அங்கே காமெடியும் கனமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு நாயகனின் காயம் முதுகெலும்பாக இருந்தது: முதலில் ராபினும் வில்லன் ஸ்லேடும், அடுத்து டெர்ரா, பிறகு சைபார்க், நான்காவதில் ரேவனும் அவள் தந்தை ட்ரைகனும், ஐந்தில் பீஸ்ட் பாய். புதிய தொடர் எடுத்தெறிந்தது அந்த முதுகெலும்பைத்தான். ரேவனை மூன்று எபிசோடுகள் அழவைத்த ட்ரைகன் இங்கே மகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் அசட்டு அப்பா.

இன்னொரு காரணமும் உண்டு, அதற்குத் தொடரை எடுத்தவர்கள் பொறுப்பில்லை. தொடர் ஓடத் தொடங்கியதும் சேனல் அதையே மணிக்கணக்காக மறு ஒளிபரப்பு செய்தது. வேறு தொடர்களின் ரசிகர்கள் தங்கள் தொடருக்கு நேரம் கிடைக்காத ஆத்திரத்தை இதன் மேல் கொட்டினார்கள். சேனல் ஒளிபரப்பு நேரத்தை ஒதுக்கிய விதத்தின் மேல் வந்த கோபத்தையும் கதையின் மேல் வந்த கோபத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

போதாததற்கு டிசி நாயகர்களின் இன்னொரு கார்ட்டூனான ‘யங் ஜஸ்டிஸ்’ தொடரை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். அது தனிக் காயம்.

சட்டகம்24:

மேலே சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். ‘யங் ஜஸ்டிஸ்’, ‘க்ரீன் லான்டர்ன்’ இரண்டின் கடைசி எபிசோடுகளும் 2013 மார்ச் 16 அன்று வந்தன. ஐந்து வாரம் கழித்து ‘கோ’ தொடங்கியது. தேதிகள் நெருங்கி இருப்பதால் ஒன்றைக் கொன்று மற்றொன்று வந்ததாகத் தோன்றும். ஆனால் ‘கோ’ 2012-லேயே அறிவிக்கப்பட்ட தொடர். அந்த அறிவிப்புக்கு முன்பே, அதே ஆண்டு, சேனல் டிசி கார்ட்டூன்களுக்கு ஒதுக்கிய ‘டிசி நேஷன்’ நேரத்தில் ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ என்ற பெயரில் குட்டிப் படங்கள் வந்தன. அவற்றுக்குக் கிடைத்த வரவேற்புதான் விதை.

‘யங் ஜஸ்டிஸ்’ நின்றதற்கு அதன் தயாரிப்பாளர் கிரெக் வைஸ்மன் வெளிப்படையாகச் சொன்ன காரணம் வேறு: பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, பொம்மை நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அந்தத் தொடரும் வில்லன் டார்க்சைட் கை குலுக்கும் காட்சியோடு பாதியில் நின்றதால் முடியாத கதைகள் இரண்டாகிவிட்டன. பிறகு அது 2019 ஜனவரியில் மூன்றாம் சீசனோடு திரும்பி வந்தது. கட்டுரையில் இதை ‘ரசிகர்கள் நம்பிய காரணம்’ என்று எழுதலாம், ‘நடந்த காரணம்’ என்று எழுத வேண்டாம்.

ஊதாமுக்காடு:

இரண்டாவது கேள்விக்கு. புதிய தொடரை நேராக ஆரம்பித்தால் பாதி நகைச்சுவை புரியாது, கோபம் முழுக்கவே புரியாது. முதலில் பழைய தொடரிலிருந்து ஏழு எபிசோடுகள்: ‘அப்ரென்டிஸ்’ இரண்டு பாகம், ‘ஆஃப்டர்ஷாக்’ இரண்டு பாகம், ‘தி எண்ட்’ கடைசிப் பாகம், ஜப்பானியப் பாடலோடு வரும் ஏதாவது ஒன்று, முடிவாக ‘திங்ஸ் சேஞ்ச்’. ஒவ்வொன்றும் 22 நிமிடத்துக்குள். மூன்று மணி நேரம்கூட ஆகாது.

அப்புறம் ‘கோ’:

‘லெஜண்டரி சாண்ட்விச்’. தொனி என்ன என்று தெரிந்துகொள்ள.

‘டெர்ரா-ஐஸ்டு’. உடைந்துபோன ரசிகர்கள் இங்கேதான் உடைந்தார்கள். ஏழு வருடம் விடை கேட்டுக் காத்திருந்த டெர்ரா, பீஸ்ட் பாயைக் கண்டாலே பிடிக்காத உளவாளியாக வந்து சிரிப்புக்குப் பயன்பட்டுவிட்டுப் போகிறாள். ‘திங்ஸ் சேஞ்ச்’ பார்த்த மறுநாளே இதைப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

‘வாஃபிள்ஸ்’. பீஸ்ட் பாயும் சைபார்க்கும் கிட்டத்தட்ட எபிசோட் முழுக்க அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களுக்குத் தலைவலி, எட்டு வயதுக் குழந்தைக்கு விழுந்து புரளும் சிரிப்பு. தொடரை வெறுப்பவர்கள் முதலில் காட்டும் சாட்சி இது.

‘லெட்ஸ் கெட் சீரியஸ்’. ‘யங் ஜஸ்டிஸ்’ குழுவே வந்து, நீங்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று டைட்டன்களைக் கடிகிறது. ரசிகர்கள் எழுதிய புகார் எழுத்து மாறாமல் வசனமாகியிருக்கும்.

‘தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்லேட்’. இதை இரண்டு முறை பாருங்கள். தலைப்பைப் பார்த்து ஸ்லேட் வருகிறான் என்று உட்கார்ந்தவர்களுக்கு, அந்தச் சண்டை திரைக்கு வெளியே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கதை ஒரு கோமாளியின் பக்கம் திரும்பிவிடும். சிறுவயதில் பிடித்த கோமாளி இப்போது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறானே என்று பீஸ்ட் பாயும் சைபார்க்கும் அவனைத் தங்கள் வயதுக்கு ஏற்ப மாற்றப் போய் விபரீதமாகும். குழந்தைகளுக்கானதைக் குழந்தைகளுக்கே விடுங்கள் என்ற பதில் அது. சொல்ல வந்தது நியாயம்தான். ஆனால் ஸ்லேட் பெயரைத் தூண்டிலாகப் போட்டது நியாயமில்லை. அந்த எபிசோடுக்கு எழுந்த கோபத்தில் பெரும்பங்கு தூண்டிலுக்கானது, கோமாளிக்கானதல்ல.

‘தி ஃபோர்த் வால்’. தாங்கள் ஒரு மறு ஆக்கம் என்பது அவர்களுக்கே தெரிய வரும் எபிசோட். பழைய தொடரின் காட்சிகளும் வரும்.

இவற்றோடு நிறுத்தினால் படம் ஒருதலையாகிவிடும். ‘40%, 40%, 20%’ பார்த்துவிட்டு, 2017-இல் நான்கு பாகமாக வந்த ‘தி நைட் பிகின்ஸ் டு ஷைன்’ பாருங்கள். பி.இ.ஆர். குழுவின் அந்தப் பாட்டும், எண்பதுகளின் ராக் ஆல்பம் அட்டைபோல வரைந்த சண்டைக் காட்சிகளும், வெறுத்தவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தன. கனமாகவும் இவர்களால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே ஆதாரம். ‘ஃபைனலி எ லெசன்’ என்று ஒன்று இருக்கிறது. சொத்தில் உரிமைப் பங்கு எப்படிச் சேர்கிறது என்று ராபின் பாடம் எடுப்பான். பெற்றோர்கள் இந்தத் தொடரை ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

மஞ்சள்கேப்:

மிக்க நன்றி. டெர்ரா விஷயம் என் குறிப்பில் இல்லவே இல்லை. 2018 படத்தை எங்கே வைப்பது? அதோடு மூன்றாவது கேள்விக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

சட்டகம்24:

படத்தைத் திருப்புமுனையாக வைக்கலாம். 2018 ஜூலை 27 அமெரிக்க வெளியீடு. சுமார் 1 கோடி டாலர் செலவு, உலக அளவில் சுமார் 5.2 கோடி டாலர் வசூல். ராட்டன் டொமேட்டோஸில் விமர்சகர் பக்கம் 90 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் அந்த எண்ணை ‘நூற்றுக்கு 90 மதிப்பெண்’ என்று எழுதினால் தவறு. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்ற அளவிலாவது சொன்னார்கள் என்பதே அதன் பொருள். எவ்வளவு பிடித்தது என்பது சராசரி மதிப்பெண்ணில் இருக்கிறது, அதைத் தனியாகக் குறியுங்கள். பார்வையாளர் பக்கத்துக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. 2019 மே மாதம் முதல், டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பீட்டை அந்தத் தளம் தனியாகக் காட்டத் தொடங்கியது. அதற்கு முந்தைய படத்தின் எண்ணையும் பிந்தைய படத்தின் எண்ணையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

ஐஎம்டிபியில் மேலே தெரியும் ஒற்றை எண் சாதாரணச் சராசரி இல்லை, வாக்குக்கு வாக்கு வேறு எடை கொடுத்துக் கணக்கிட்டது. அதை விடுத்து, 1 முதல் 10 வரை எத்தனை பேர் போட்டார்கள் என்ற பட்டை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 1-இலும் 10-இலும் பட்டைகள் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால், அது ஒரு கூட்டத்தின் சராசரிக் கருத்து கிடையாது, இரண்டு கூட்டங்களின் சண்டை. அப்படிப்பட்ட இடத்தில் சராசரியை மட்டும் எடுத்தால், யாருமே சொல்லாத ஒரு மதிப்பெண்ணை எல்லோர் வாயிலும் போட்டதாகிவிடும். எபிசோட் வாரியாகப் பார்க்கும்போது வாக்கு எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். நூறு பேர் போட்ட எண்ணும் ஆயிரம் பேர் போட்ட எண்ணும் ஒரே தராசில் நிற்காது.

அடுத்தது, காணாமல் போன சான்றுகள். பலர் கோட்டை விடும் இடம் இது.

ஐஎம்டிபி விவாத அரங்குகள் 2017 பிப்ரவரி 20 அன்று மூடப்பட்டன. 2013 முதல் 2016 வரையிலான சூடான வாதங்கள் பல அதோடு போயின. யூடியூபில் குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட காணொளிகளில் 2020 ஜனவரியிலிருந்து கருத்துப் பகுதி கிடையாது. தொடரின் துண்டுக் காட்சிகளை அங்கே ரசித்த பிள்ளைகளின் சுவடே தெரியாது. பெரியவர்கள் செய்த விமர்சனக் காணொளிகளின் கீழே மட்டும் கருத்துகள் நிற்கும். 2021 நவம்பர் முதல் ‘பிடிக்கவில்லை’ எண்ணிக்கையும் பொதுப் பார்வையில் இல்லை. இன்று உட்கார்ந்து சேகரித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களின் குரல். சேனல் குறிவைத்ததோ 6 முதல் 11 வயதை. அந்த வயதுப் பிள்ளை விமர்சனம் எழுதாது, மறுபடி போடு என்று கேட்கும். சேனல் எண்ணியது அதைத்தான், அதனால்தான் 400 தாண்டியது.

சேகரிக்கும் முறை: ஐந்து காலத் துண்டுகளாகப் பிரியுங்கள். 2013 ஏப்ரலுக்கு முன், தொடங்கிய முதல் ஆறு மாதம், 2015, 2018 ஜூலை முதல் டிசம்பர், 2019 செப்டம்பருக்குப் பின். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில், ஐம்பது ஐம்பதாக, கருத்துகளை எடுங்கள். ‘அதிகம் விரும்பப்பட்டவை’ என்ற வரிசையில் எடுத்தால் பின்னாளில் வந்தவர்கள் போட்ட விருப்பங்கள் பழைய கருத்தை மேலே தள்ளிவிடும். தேதி வரிசையில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதைக் குறை சொல்கிறார் என்று ஒரு குறி போடுங்கள்: முடியாத கதை, நகைச்சுவையின் தரம், ஓவிய பாணி, மறு ஒளிபரப்பு, வேறு தொடர் நின்றது. இந்தக் குறிகள் இல்லாமல் ‘எதிர்ப்பு, ஆதரவு’ என்று இரண்டே கட்டம் போட்டால் வேலை வீண்.

பழைய அலைவரிசை:

‘யங் ஜஸ்டிஸ்’ திருத்தத்தை ஏற்கிறேன். தேதி நெருக்கத்தைக் காரணம் என்று எடுத்துக்கொண்டது என் பிழை.

ஐந்தாம் காலத் துண்டுக்கு ஒரு சேர்க்கை. 2018 படத்தின் முடிவுப் பெயர்களுக்கு நடுவே பழைய டைட்டன்கள் திரையில் தோன்றி, திரும்பி வர வழி கண்டுபிடித்துவிட்டோம் என்பார்கள். அந்தச் சில நொடிகள் ஆறாம் சீசன் நம்பிக்கையை மறுபடி கிளப்பிவிட்டன. 2019-இல் வந்ததோ ‘டீன் டைட்டன்ஸ் கோ! வெர்சஸ் டீன் டைட்டன்ஸ்’ என்ற நேரடி வீட்டு வெளியீட்டுப் படம். இரண்டு குழுக்களும் மோதுகின்றன, இரண்டு ட்ரைகன்களும் வருகிறார்கள், ஒரே நடிகர்கள் இரண்டு தொனியிலும் பேசுவது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. டெர்ராவுக்கு மட்டும் அங்கேயும் விடை இல்லை. அந்தப் படத்துக்கு வந்த கருத்துகளை எடுக்கும்போது ‘முடியாத கதை’ என்ற குறியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: டெர்ராவைக் கேட்பவர்கள் ஒன்று, ஆறாம் சீசனையே கேட்பவர்கள் இன்னொன்று.