ஏஜென்சி வழியில (காசு வாங்கிக் களவா ஆள் அனுப்புறவன் மூலமா) வெளிநாடு போனவை, இஞ்ச இருந்து காசு கட்டினவை: பட்டதை எழுதுங்கோ

நெல்லியடியான்:
எங்கட ஒழுங்கையில ஒரு பெடியனுக்கு ரஷ்யா போய் அங்கயிருந்து பிரான்ஸ் எண்டு கதை நடக்குது. தாய் காணியை ஈடு வைக்க ஆள் தேடுறா. ரஷ்யாவுக்கெண்டு போன எங்கட பெடியளைப் பட்டாளத்தில சேர்த்துப்போட்டாங்கள் எண்டு தாய்மார் அழுததை எல்லாரும் பேப்பரில பாத்தம். பேப்பரைக் காட்டினா "அது வேற ஏஜென்சி" எண்டுகினம். அதால, பட்ட ஆக்கள் தங்கட வாயால சொல்லுங்கோ. ஒருத்தற்றை பேரும் போடாதேங்கோ.

கொக்குவில் அக்கா:
என்ர தம்பி தென் அமெரிக்காவால போனவன். கொலம்பியாவில இருந்து பனாமாவுக்குக் காட்டால நடை. காட்டுக்குள்ள துவக்கோட மறிச்சவங்கள் முதல் பாத்தது சப்பாத்தைத்தானாம். டொலரை அடித்தோலுக்குள்ள வைச்சுத் தைக்கிறது அவங்களுக்குத் தெரியும். கூடப்போன பொம்பிளையளுக்கு நடந்ததை அவன் இண்டைக்கும் எனக்கு முழுக்கச் சொல்லேல்லை. 2023இல மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்கள் அந்தக் காட்டால போனவை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த வருசம் பாலியல் வன்முறைக்கு ஆளான 676 பேருக்கு அங்க மருந்து கட்டினது. வந்து காட்டின ஆக்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில.

பெரிய அடி மெக்சிக்கோவில. குவாத்தமாலா எல்லையைத் தாண்டின கையோட ஒரு வீட்டில போட்டுப் பூட்டிப்போட்டாங்கள். எனக்கு வைபரில கோல் வந்தது நடுச்சாமத்தில. கதைச்சவன் எங்கட தமிழ். "அக்கா" எண்டுதான் கூப்பிட்டான், நல்ல மரியாதையா. முதல் கேள்வியே "கனடாவில உங்களுக்கு ஆர் இருக்கினம்?" தம்பியோட கதைக்க வேணும் எண்டன். தந்தான். அவன்தானோ எண்டு பாக்க, எங்கட கிணத்தடியில நிக்கிறது என்ன மரம் எண்டு கேட்டன். "தேசிக்காய்" எண்டான். சரிதான், ஆனா குரல் அவன்ர மாதிரியே இல்லை.

பேச்சின்படி மிச்சக் காசு ஊர்க் கடைக்காரர் ஒருத்தரிட்ட. தம்பி தானாச் சொன்னாத்தான் அவர் அதை ஏஜென்சிக்காரனுக்குக் குடுப்பார். இது நல்ல பாதுகாப்பு எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஏஜென்சிக்காரன் ஏமாத்தாமல் இருக்க அது உதவும். அவன் ஆளை இன்னொரு கூட்டத்துக்கு வித்துப்போட்டா அந்த ஏற்பாட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. புதுக் கூட்டத்துக்குப் புதுக் காசு. கட்டினம், விட்டாங்கள்.

பேந்துதான் அறிஞ்சன்: 2010 ஓகஸ்ட்டில மெக்சிக்கோவில சான் பெர்னாண்டோ எண்ட இடத்தில இப்பிடிப் போன 72 பயணக்காரரைச் சுட்டுக் கொன்றவங்கள். அடுத்த வருசம் அந்த நாட்டில வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, அங்க குற்றத்துக்கு ஆளான வெளிநாட்டுக்காரர் மனிதாபிமான அடிப்படையில தங்குற அட்டை கேட்கலாம். தம்பியோட பூட்டுப்பட்ட நேபாளப் பெடியன் ஒருத்தன் முறைப்பாடு குடுத்து அதை எடுத்தவன். எங்கட ஆக்களுக்கு "பொலிஸிட்டப் போனா திருப்பி அனுப்புவாங்கள்" எண்டுதான் சொல்லிக் குடுத்திருக்கு. பொலிஸே ஆளை விக்கிற இடமும் அங்க இருக்குத்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

பாசல் ரவி:
இதுகளை எழுதிப் பயப்பிடுத்தாதேங்கோ. நானும் இப்பிடி வந்தவன்தான். வராட்டி தங்கச்சிமாருக்கு ஆர் சீதனம் குடுக்கிறது?

கொக்குவில் அக்கா:
ரவி அண்ணை, போகவேண்டாம் எண்டு நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை. திரும்ப வாசியுங்கோ.

மீசாலை மாஸ்ரர்:
இது இண்டைக்கு நேற்றைய கதையில்லை. 1996 நத்தார் இரவு, மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில, பெரிய கப்பலில இருந்து ஆக்களைச் சின்னப் படகுக்கு மாத்தினவங்கள். படகு தாண்டு 283 பேர் செத்தவை. இந்தியர், பாகிஸ்தானியர், எங்கட பிள்ளையள். தப்பின ஆக்களைக் கிரேக்கத்தில இறக்கிப் பூட்டி வைச்சாங்கள். அவை வெளிய வந்து சொல்ல, ஒருத்தரும் நம்பேல்லை. பேந்து ஒரு இத்தாலிய மீனவற்றை வலையில அடையாள அட்டை ஒண்டு வந்தது. சாவகச்சேரியில பிறந்த 17 வயதுப் பெடியன்ர. அதை வைச்சு ஒரு பத்திரிகையாளர் 2001இல கடலுக்கடியில கமரா இறக்கித்தான் படகைக் கண்டது.

அந்தக் காலம் தென்மராட்சியில பிள்ளையிட்ட இருந்து தகவல் இல்லை எண்டு சொல்லவே வீடுகள் பயந்தது. ஏஜென்சிக்காரன் ஊர்க்காரன், சில இடத்தில சொந்தக்காரன். அடுத்த பிள்ளையை அனுப்பவும் அவனிட்டத்தான் போகவேணும். அவனுக்கு அடியாள் வைக்கிற செலவில்லை, எங்கட வாயை நாங்களே பொத்திக்கொண்டம். இப்பவும் நிலைமை மாறின மாதிரித் தெரியேல்லை.

வல்வெட்டித்துறை:
2022 வியட்நாம் கப்பலில மச்சான் நிண்டவன். 303 பேர். தண்ணி உள்ள வரத் தொடங்க, ஒருத்தர் இலங்கை நேவிக்கே கோல் எடுத்தார். "பிடிச்சுக் குடுக்கப் போறியோ" எண்டு அவரோட சண்டைக்குப் போன ஆக்களும் உண்டாம். அந்தக் கோலாலதான் கொழும்பில இருந்து மற்ற நாடுகளுக்குத் தகவல் போய், ஜப்பான் கப்பல் ஒண்டு வந்து ஏத்தி வியட்நாமில இறக்கினது.

கச்சேரியடி:
முறைப்பாடு எழுத வாற ஆக்களுக்கு நான் உதவுறனான். வரேக்க கையில ஒண்டும் இருக்காது. ஏஜென்சிக்காரன் சொல்லி வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சிருப்பினம். அழிக்காதேங்கோ. உண்டியலில (பாங்கில்லாமல் ஆள்மூலம் காசு அனுப்புற வழி) காசு போட்ட திகதி, தொகை, வாங்கினவன்ர நம்பர் எல்லாத்தையும் கொப்பியில எழுதி வையுங்கோ. போற ஆளின்ர பாஸ்போட் படமும் கூடப்போற ஆக்களின்ர பேரும் வீட்டில ஒருத்தரிட்டயாவது இருக்கவேணும். முறையிட்டாக் காசு திரும்பி வருமோ எண்டு கேட்பினம். அனேகமா வராது. ஆனா ஒரே நம்பரைப் பற்றி நாலு வீடு முறையிட்டா அவனைப் பிடிக்கலாம், ஒரு வீடு மட்டும் வந்தா அவன் "கைமாத்து" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவான். வெளிநாட்டு வேலை எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போறவனெண்டா, லைசென்ஸ் இருக்கோ எண்டு முதலே 1989க்கு அடிச்சுக் கேளுங்கோ, வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர நம்பர்.