விமர்சனக் காணொளி மீது பதிப்புரிமைப் புகார்: எதிர் அறிவிப்பு அனுப்பலாமா?

பட்டர்வொர்த் ரசிகன்:
வணக்கம். தமிழ்ப் படங்களை விமர்சிக்கும் என் யூடியூப் அலைவரிசையிலிருந்து, ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் புகாரின் பேரில் காணொளி ஒன்றை நீக்கிவிட்டார்கள். இருபது நிமிட விமர்சனத்தில் முன்னோட்டக் காட்சி அரை நிமிடம்கூட இல்லை. அதுவும் படத்தொகுப்பு எங்கே சறுக்கியது என்று விளக்க, சண்டைக் காட்சியின் வெட்டுகளை நிறுத்தி நிறுத்திக் காட்டிய இடம். அதே முன்னோட்டத்தை முழுதாக ஓடவிட்டுப் படத்தைப் புகழ்ந்தவர்களை யாரும் தொடவில்லை. மலேசியச் சட்டம் எனக்குத் துணை நிற்குமா? நீக்கியது தவறு என்று மறுக்கும் எதிர் அறிவிப்பை அனுப்பினால் வம்பில் மாட்டிக்கொள்வேனா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி ஒப்பீட்டில் சிக்கியதா, முறையான நீக்கக் கோரிக்கை வந்து ஸ்டிரைக் (அலைவரிசைமீது பதிவாகும் எச்சரிக்கை) விழுந்ததா என்று முதலில் பாருங்கள். முன்னதற்கு மறுப்புத் தெரிவித்தால் உரிமை கோருபவர் 30 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பின்னது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்னும் இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழி வருவது. நீங்கள் எதிர் அறிவிப்பு அனுப்பியபின் புகார்தாரர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் யூடியூப் காணொளியைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது அச்சட்டத்தின் 512ஆம் பிரிவு.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் விமர்சனத்திற்காக நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு நோக்கம், மூலப்படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, அதன் சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். பொய்யென்று தெரிந்தே புகார் அனுப்புவது இங்கே குற்றமும்கூட. ஆனால் நீங்கள் நிரப்பப்போவது அமெரிக்கச் சட்டப்படியான படிவம் என்பதால், வாதத்தையும் அதற்கேற்பவே அமையுங்கள்.

செந்தூல் படத்தொகுப்பாளர்:
"முப்பது விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை" என்று நம்மவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மலேசியச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படியொரு கணக்கு இல்லை. எந்த நிமிடத்தில், எந்த வெட்டைக் குறித்து, என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள், அதுதான் எடுபடும்.

புகார் அனுப்பியவரைத் தண்டிப்பது எளிதன்று. குழந்தை ஆடிய 29 விநாடிக் காணொளி பற்றிய லென்ஸ் வழக்கில், நீக்கச் சொல்லும் முன் அது நியாயப் பயன்பாடா (அனுமதியின்றியே சட்டம் ஏற்கும் எடுத்தாளலா) என்று கருதிப் பார்த்தே ஆகவேண்டும் என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது நியாயப் பயன்பாடு அன்று எனப் புகார்தாரர் மனதார நம்பியிருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான ஓட்டை வேறென்ன வேண்டும்? 2007இல் நீக்கப்பட்ட அந்தக் காணொளியின் வழக்கு 2018இல் சமரசத்தில்தான் முடிந்தது.

பட்டர்வொர்த் ரசிகன்:
மிக்க நன்றி. எனக்கு வந்திருப்பது ஸ்டிரைக்தான். படிவத்தில் வீட்டு முகவரி கேட்கிறார்களே, அது அந்த நிறுவனத்தின் கைக்குப் போகுமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகவும் அதில் ஒப்புக்கொள்கிறீர்கள். தயக்கம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவர் மூலம் அனுப்புங்கள். 90 நாள்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அலைவரிசையே முடக்கப்படலாம் என்பதால், பழைய விமர்சனங்களின் மூலக் கோப்புகளை இன்றே தனியாகச் சேமித்துவிடுங்கள்.