லேஅவுட் பூங்கா இடத்துல தோட்டம் போட்டோம், இப்ப தண்ணி ஊத்த ஆளில்ல

பென்னாகரம்ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் எங்க லேஅவுட்ல பூங்காவுக்குன்னு விட்ட இடம் ஒரு பத்து சென்ட் சும்மாவே கெடந்துச்சு, பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் தான். போன ஆடியில இருபது வீட்டுக்காரங்க சேர்ந்து தோட்டக் குழுன்னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணி கத்தரி, அவரை, சுரை, கீரைன்னு போட்டோம். மொத மாசம் கூட்டமான கூட்டம், செடியை விட செல்ஃபி ஜாஸ்தி. இப்ப பங்குனி வெயில்ல தண்ணி ஊத்த வர்றது நான், எதிர்வீட்டு அக்கா, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், அவ்ளோதான். ஆனா காய் பறிக்க மட்டும் யாரோ கரெக்டா வந்துடறாங்க, காலைல போய் பாத்தா சுரைக்கா தொங்கின இடத்துல காம்பு தான் இருக்கு. பேசாம வீட்டுக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சு விட்டுடலாமா? இன்னொரு தொல்லை, போர் தண்ணி உப்பு, பீன்ஸ் இலை ஓரமெல்லாம் கருகுது.

மாங்காமண்டி:
முழுசா பிரிக்காதீங்க சார், நாங்க காவேரிப்பட்டணம் பக்கம் அப்படிப் பண்ணி பட்டிருக்கோம். 12 பாத்தி பிரிச்சோம், ஆறு பேர் ரெண்டு மாசத்துல கைவிட்டுட்டாங்க, அந்த ஆறுலயும் களை மண்டி மாவுப்பூச்சி வந்து ஒழுங்கா பாத்துக்கிட்டவங்க பாத்திக்கும் ஏறிடுச்சு. வேப்பங்கொட்டைக் கரைசல் லிட்டருக்கு 50 கிராம் கணக்குல அடிச்சுப் பாத்தோம், பக்கத்து பாத்தியில அடிக்காம விட்டா திரும்ப வந்துடுது. அப்புறம் தான் எங்க தாத்தா காலத்து ஏரித் தண்ணி ஞாபகம் வந்துச்சு. மடையில தண்ணி விடறதுக்குன்னு நீர்கட்டி ஒருத்தர் இருப்பார், யாருக்கு எந்த நாள் முறைன்னு அவர் சொல்றது தான், மிராசுதாரா இருந்தாலும் முறை வர்ற வரைக்கும் வரப்புல உக்காந்திருக்கணும். அதே மாதிரி வீட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சு நோட்டு போட்டோம். முறைக்கு வராதவங்களுக்கு அந்த வாரம் காய் கிடையாது. பறிக்கிறது ஞாயித்துக்கிழமை காலைல மட்டும், எல்லாரும் நிக்கும்போது தராசுல போட்டு பங்கு. மிஞ்சினது அங்கன்வாடிக்கு. நோட்டு யார் கையில இருக்குன்றது தான் முக்கியம், கொஞ்சம் கறாரான ஆளா பாத்துக் குடுங்க.

ராகிக்களி:
அண்ணன் சொல்றது பாதி சரி. கீரைய மட்டும் தனியா பிரிச்சுக் குடுத்துடலாம், சின்ன பாத்தி, ஒரு மாசத்துல கைக்கு வந்துடும், வீட்டு லேடீஸ் அவங்கவங்க பாத்திய பாக்க வரும்போதே பொதுச் செடிக்கும் ரெண்டு குடம் ஊத்திட்டுப் போவாங்க. பந்தல், முருங்கை, கறிவேப்பிலை பொதுவுல இருக்கட்டும். அப்புறம் பங்குனியில பீன்ஸ் எதுக்குங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்குமா, அதெல்லாம் தளி பக்கம் குளிருக்கு சரி. இப்ப கொத்தவரை போடுங்க. அவரைக்கு திரும்ப ஆடி வரட்டும், ராகிக்காட்டுக்கு நடுவுல சாலு விட்டு அவரை போடற ஊரு நம்மளது.

பையூர்பக்கம்:
உப்பு பத்தி: வேலி மேல போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா உடனே உரத்தைக் கொட்டிடாதீங்க, யூரியா போட்டா இன்னும் கருகும். மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, பாப்பாரப்பட்டியில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க போய் கேளுங்க. ரிப்போர்ட்ல இ.சி.ன்னு ஒரு நம்பர் இருக்கும், தண்ணியில எவ்ளோ உப்பு இருக்குன்னு காட்டறது, dS/m கணக்குல 0.7க்குள்ள இருந்தா கவலையில்ல, 3 தாண்டினா முக்கால்வாசி காய்கறிக்கு கஷ்டம். பீன்ஸ் தான் உப்புக்கு மொதல்ல விழும், பீட்ரூட் தாங்கும். தினம் தெளிக்கிற மாதிரி கொஞ்சமா ஊத்தினா உப்பு வேர்கிட்டயே தங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் நல்லா எறங்கற மாதிரி சாயங்காலம் விடுங்க. மேல மாவிலைச் சருகு, கடலைத் தொலி எது கிடைச்சாலும் நாலு விரக்கடை மூடாக்கு போடுங்க, நம்ம மாவட்டத்துல மாவிலைக்கா பஞ்சம்? ஒன்னு மட்டும் கேட்டுக்கறேன், போர் உப்புன்னு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் குழாய்ல ஹோஸ் மாட்டிடாதீங்க. ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு பல்லெல்லாம் காவி புடிச்ச ஊரு நம்ம ஊரு, அந்தத் தண்ணி 2013ல தான் வந்துச்சு, அது குடிக்கறதுக்கு.

மாங்காமண்டி:
மறந்துட்டேன், இடம் பஞ்சாயத்து பேர்ல தான இருக்கும்? பர்மிஷன் வாங்கினீங்களா? இல்லேன்னா நாளைக்கே யாராவது மனு போட்டு வேலிய பிரிச்சிடுவாங்க. மே 1 கிராம சபை வருது, இருபது பேர் கையெழுத்தோட போய் தீர்மானத்துல ஏத்திடுங்க. அன்னிக்காவது குரூப்ல இருக்கற எல்லாரும் வரணும்.

பென்னாகரம்ரோடு:
ரொம்ப நன்றிங்க. வாத்தியார்கிட்ட முறை நோட்டு விஷயம் சொன்னேன், சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு வாங்கி ஸ்கேல் வெச்சு கோடு போட்டுட்டார். பர்மிஷன் வாய்வார்த்தையா தான் இருந்துச்சு, மனு எழுதிட்டு இருக்கேன். குரூப்ல சுரைக்கா திருட்டு பத்தி ரொம்ப கொதிச்சவர் ஒருத்தர் இருக்கார், மொத வாரம் ராத்திரி காவலும் தண்ணியும் அவர் முறைன்னு போட்டாச்சு. ஆள் இன்னும் ப்ளூ டிக் கூட காட்டல.