ஃபிளாஸ்க் சூப்பும் மிஸ்டர் ஃப்ரீஸும்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

கவின்: சனிக்கிழமை வாண்டுங்க எல்லாருக்கும் பேட்மேன் அனிமேட்டட் சீரிஸ் போடப் போறோம். நேரம் இருக்கறது ஒரு எபிசோடுக்குத்தான். மொத்தம் 85 இருக்கு. எதைப் போட?

நந்தினி: இதுல யோசிக்க என்னடா இருக்கு. மிஸ்டர் ஃப்ரீஸ் வில்லனா வர்ற ஹார்ட் ஆஃப் ஐஸ்.

கவின்: நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா ஜோக்கர் இல்லையேன்னு அழுவாங்க.

நந்தினி: ஜோக்கர் குரல் இருக்கே 😄 ஜோக்கருக்குப் பேசின நடிகர் மார்க் ஹேமில்தான் இதுல ஃபெரிஸ் பாயில். இதுக்கு அப்புறம்தான் அவருக்கு ஜோக்கர் கிடைச்சுது. கேட்டா சத்தியமா கண்டுபிடிக்க முடியாது. நல்ல மனுஷன் வேஷம் போடற முதலாளி குரல்.

தேன்மொழி அத்தை: எத்தனை வயசுப் புள்ளைங்கடா? அதுல பொண்டாட்டிய ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிருப்பானே, அது தானே?

கவின்: ஆமா அத்தை. 7ல இருந்து 12 வரைக்கும்.

நந்தினி: 7க்கு மேலன்னா பரவாயில்ல அத்தை. ரத்தம் கிடையாது. பழைய வீடியோ டேப் வர்ற இடம் மட்டும்தான் கனம். மனைவியைக் காப்பாத்தற சோதனைய நிறுத்தச் சொல்லி பாயில் ஆளுங்களோட வருவான், அதைப் பண்ற விஞ்ஞானி விக்டர் ஃப்ரீஸ் துப்பாக்கி எடுப்பான், அப்புறம் பாயில் அவனை எட்டி உதைச்சு ரசாயன மேஜை மேல தள்ளுவான். அந்த இடத்துல பக்கத்துல ஒரு பெரியவங்க உட்கார்ந்தா போதும்.

அருள் சித்தப்பா: யாரு போட்ட படம் இது? பழசா?

நந்தினி: 1992 செப்டம்பர் 7, அமெரிக்க டிவில, ஃபாக்ஸ் கிட்ஸ்ல வந்தது சித்தப்பா. எழுத்து பால் டினி, இயக்கம் புரூஸ் டிம். எழுத்துக்கு டேடைம் எம்மிங்கற டிவி விருது வாங்கிச்சு. இதுக்கு முன்னாடி இந்த வில்லன் சும்மா ஒரு ஐஸ் துப்பாக்கிக் கோமாளி. 1959ல காமிக்ஸ்ல வந்தப்போ பேரே மிஸ்டர் ஜீரோ. விக்டர்ங்கற பேரு, நோரான்னு மனைவி, அவளோட நோய், எல்லாம் இந்த 22 நிமிஷத்துல பொறந்தது. அப்புறம் காமிக்ஸ்காரங்களே இந்தக் கதைய எடுத்துக்கிட்டாங்க. கார்ட்டூன்ல இருந்து மூலத்துக்குத் திரும்பிப் போறது லேசுல நடக்காது.

இளவரசி அக்கா: அந்தச் சிவப்புக் கண்ணாடி, மேல உருண்டை ஹெல்மெட், அந்த உருவத்தை வரைஞ்சு குடுத்தது காமிக்ஸ் ஓவியர் மைக் மிக்னோலா. அதையும் சேத்துக்கோ.

முத்து மாமா: கடைசில சூப்ப ஊத்தி வில்லனைத் தோக்கடிப்பாரே அதுவா 😂 அதெல்லாம் ஒரு கிளைமாக்ஸா

கவின்: மாமா!!

நந்தினி: மாமா அதுதான் எபிசோடோட உயிரே. ஆரம்பத்துலயே ஃப்ரீஸ் கிட்ட மாட்டி பேட்மேனுக்கு ஜலதோஷம் புடிக்கும். தும்மிக்கிட்டே வேலை பார்ப்பார். அவர் வீட்டு வேலையாள் ஆல்ஃபிரட் சிக்கன் சூப் போட்ட ஃபிளாஸ்க்கைக் குடுத்து அனுப்புவார். நாம அதை நகைச்சுவைன்னு நெனச்சு விட்டுடுவோம். கடைசி சண்டைல கையில வேற ஒண்ணும் இல்லாதப்போ அதே ஃபிளாஸ்க்கால ஹெல்மெட்டுல ஒரே போடு. சூப் கொட்டுது, கண்ணாடி விரிசல் விடுது. முன்னாடி வெச்சதைப் பின்னாடி எடுக்கறது, அவ்ளோதான் மாமா கதைக் கட்டு.

முத்து மாமா: சரிம்மா சரி. ஆனா நெஜத்துல உடையுமா? அருளு, நீ சொல்லு, நீதான ஃபிசிக்ஸு

அருள் சித்தப்பா: உடையலாம். ஆனா படத்துல காட்டற மாதிரி சுலபம் இல்ல. இருங்க, டைப் பண்றேன்.

அருள் சித்தப்பா: ஃப்ரீஸால குளிர்லதான் உயிர் வாழ முடியும், அதனால ஹெல்மெட் உள்ள உறைநிலைக்குக் கீழ. மைனஸ் 40ன்னு வெச்சுக்குவோம். சூப் 70 டிகிரி. வித்தியாசம் 110. சாதாரண சோடா கண்ணாடி ஒரு மீட்டர் நீளம் இருந்தா 100 டிகிரிக்கு 0.9 மில்லிமீட்டர் விரியும். கண்ணாடி மெதுவாத்தான் சூட்டைக் கடத்தும். அதனால வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், உள்பக்கம் இன்னும் குளிர்ல சுருங்கியே இருக்கும். ரெண்டும் ஒரே துண்டு. வெளிப்பக்கம் நெருக்கப்படும், உள்பக்கம் இழுபடும்.

அருள் சித்தப்பா: கண்ணாடி நெருக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. ஆக விரிசல் ஆரம்பிக்கறது சூப் பட்ட இடத்துல இல்ல, அதுக்கு நேர் உள்பக்கம். அங்க கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒண்ணு இருந்தா அங்கிருந்து கிளம்பும்.

கவின்: அப்போ சூடான கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்தினா?

அருள் சித்தப்பா: அது இன்னும் மோசம். அப்போ இழுபடறது வெளிப்பக்கம். கீறல் எல்லாம் அங்கதான் அதிகம், புழங்கற பக்கமாச்சே. அதனாலதான் திடீர்னு சூடாக்கறதை விட திடீர்னு குளிர வைக்கறதுல கண்ணாடி சீக்கிரம் போகும். பேட்மேன் செஞ்சது கஷ்டமான வழி.

முத்து மாமா: பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்

அருள் சித்தப்பா: மாமா அவசரப்படாதீங்க. அவர் ஊத்தறது மட்டும் இல்லையே, ஃபிளாஸ்க்கால அடிக்கறார். ஏற்கெனவே இழுபட்டு நிக்கற கண்ணாடிக்கு ஒரு அடி. ரெண்டும் சேந்தா கேஸ் முடிஞ்சுது. தடிமனும் கணக்கு: தடிச்ச டம்ளர்தான் வெந்நீர் ஊத்தினா விரிசல் விடும், மெல்லிசு சோதனைக் குழாய் தாக்குப் பிடிக்கும். மெல்லிசுல சூடு சட்டுனு அந்தப் பக்கம் போயிடும். ஃப்ரீஸோட ஹெல்மெட் சண்டைக்குப் போட்டது, தடிமனாத்தான் இருக்கும்.

நந்தினி: அவன் விஞ்ஞானி சித்தப்பா. சூடு தாங்கற போரோசிலிகேட் கண்ணாடி போட்டிருக்க மாட்டானா?

அருள் சித்தப்பா: போட்டிருந்தா விரிவு 0.33 மில்லிமீட்டர்தான், மூணுல ஒரு பங்கு சொச்சம். சூப்புக்கெல்லாம் அசையாது. பாலிகார்பனேட்ங்கற கெட்டி பிளாஸ்டிக் போட்டிருந்தா ஃபிளாஸ்க்தான் நசுங்கும். எபிசோட்ல உடையறதால அவன் போட்டது சாதாரண கண்ணாடின்னு முடிவு பண்ணிக்கலாம். பாவம், பாயில் பட்ஜெட்ட வெட்டிட்டான்.

நந்தினி: 😂😂 அது சரிதான், சோதனைக்கே பணம் இல்லைன்னு தானே நிறுத்தினான்

தேன்மொழி அத்தை: ஃபிளாஸ்க்ல சூப் அவ்ளோ நேரம் 70 டிகிரில இருக்குமா?

அருள் சித்தப்பா: ஒழுங்கா நிரப்பினா இருக்கும் அத்தை. முதல்ல வெந்நீர் ஊத்தி 5 நிமிஷம் மூடி வெச்சுக் கொட்டணும். இல்லைன்னா உள்சுவரே சூட்டைக் குடிச்சிடும். அப்புறம் சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, மூடிக்குக் கீழ ஒரு விரல் இடம் விட்டு நிரப்பணும். பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும். சுவத்துக்கு நடுவுல வெற்றிடம், அதனால பக்கவாட்டுல சூடு அதிகம் போகாது. போறது பெரும்பாலும் மூடி வழியாத்தான். ரப்பர் வளையம் கிழிஞ்சிருந்தா எவ்ளோ நல்ல ஃபிளாஸ்க்கும் வீண்.

தேன்மொழி அத்தை: கண்ணாடி உள்சுவர் உள்ள ஃபிளாஸ்க் கீழ விழுந்தா ஆட்டிப் பாருங்க. கலகலன்னு சத்தம் வந்தா உள்ளதைக் குடிக்காதீங்க, தூள் இருக்கும். பசங்களுக்கும் சொல்லி வை கவின்.

தேன்மொழி அத்தை: இன்னொண்ணு. ஃப்ரீஸோட ஆள் ஒருத்தனுக்கே கால் உறைஞ்சு போகும், ஃப்ரீஸ் அப்படியே விட்டுட்டுப் போவான். அதைப் பார்த்துட்டு பசங்க கேப்பாங்க, நெஜமா இப்படி ஆனா என்ன பண்றதுன்னு. தேய்க்கக் கூடாது. உள்ள இருக்கற ஐஸ் துகள் திசுவைக் கிழிக்கும். நெருப்புக் கிட்ட காட்டக் கூடாது, மரத்துப் போயிருக்கறதால சுடறதே தெரியாது. 37ல இருந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் போல முக்கி வைக்கணும். தண்ணி ஆறிக்கிட்டே இருக்கும், வெந்நீர் சேர்க்கறப்போ காலை வெளிய எடுத்துட்டு சேர்க்கணும். கரையறப்போ வலி உயிர் போகும், அது சகஜம். மறுபடி உறையற இடத்துக்குப் போகணும்னா கரைக்கவே கூடாது. கரைஞ்சு மறுபடி உறைஞ்சா சேதம் ரெட்டிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதான் முதல் வேலை.

கவின்: அத்தை இதை அப்படியே ப்ரிண்ட் எடுக்கறேன்

முத்து மாமா: அப்போ நோராவை உறைய வெச்சு பின்னாடி எழுப்பறது? அதுவும் நடக்குமா நந்து

நந்தினி: முழு ஆளை எழுப்பறது இன்னிக்கு வரைக்கும் முடியாது மாமா. செல்லுன்னா முடியும். தண்ணிதான் பிரச்சினை. ரொம்ப மெதுவா குளிர வெச்சா வெளிய இருக்கற தண்ணி முதல்ல ஐஸ் ஆகும், மிச்சம் இருக்கறதுல உப்பு ஏறும், செல்லு தண்ணிய இழந்து வதங்கிடும். ரொம்ப வேகமா குளிர வெச்சா செல்லுக்கு உள்ளயே ஐஸ் முள்ளு. நடுவுல பல செல்லுக்கு நிமிஷத்துக்கு 1 டிகிரி கணக்கு. கூடவே கிளிசரால் மாதிரி ஒண்ணு சேர்க்கணும், அது உறையற செல்லைக் காப்பாத்தும்னு கண்டுபிடிச்சது 1949ல. அப்புறம் மைனஸ் 196ல திரவ நைட்ரஜன்ல வெச்சிடலாம்.

நந்தினி: உடம்புன்னு வந்தா தோல் ஒரு வேகத்துல குளிரும், நடு வயிறு வேற வேகத்துல. எல்லாத்துக்கும் ஒரே 1 டிகிரி குடுக்க வழியில்ல. சித்தப்பா சொன்ன அதே கண்ணாடிக் கதைதான், வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு, நடுவுல விரிசல்.

அருள் சித்தப்பா: சபாஷ்

இளவரசி அக்கா: சரி பிள்ளைங்களா, படம் முடிஞ்சதும் பசங்களை வரைய வைக்கலாம். இந்த சீரிஸ் பின்னணிய எல்லாம் கறுப்புத் தாள்ல வரைஞ்சாங்க, சீரிஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் எரிக் ராடம்ஸ்கியோட ஐடியா. வெள்ளைத் தாள்ல இருட்டை ஏத்தறதுக்குப் பதிலா இருட்டுல இருந்து வெளிச்சத்தை எடுக்கறது. ஃப்ரீஸுக்கு அது ரொம்பப் பொருந்தும்.

கவின்: என்னென்ன வாங்கணும் அக்கா?

இளவரசி அக்கா: ஆளுக்கு ரெண்டு கறுப்பு அட்டை, கனம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கிட்ட. மெல்லிசு எடுத்தா ஈரத்துல சுருண்டுக்கும். வெள்ளைக் கலர் பென்சில், வெள்ளை, நீலம், சிவப்பு போஸ்டர் கலர், தட்டையான பிரஷ் ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு. நாலு ஓரமும் டேப் போட்டு மேஜைல ஒட்டு.

இளவரசி அக்கா: சாதா பென்சில் குடுக்காத. கறுப்புல பளபளன்னு கோடு நிக்கும், அழிச்சாலும் போகாது. வாட்டர் கலரும் வேண்டாம், அது அடியில இருக்கற தாளைக் காட்டற ஜாதி, கறுப்புல காணாமப் போயிடும். போஸ்டர் கலரையும் தயிர் பதத்துல வெச்சுக்கணும். தண்ணி கூடினா போடறப்போ பளிச்சுன்னு இருக்கும், காஞ்சதும் சாம்பலா மங்கிடும். எல்லாரும் சறுக்கற இடம் அதுதான். ரெண்டாவது பூச்சு முதல் பூச்சு முழுசா காஞ்ச பிறகு.

கவின்: எந்தக் காட்சி குடுக்கலாம்?

இளவரசி அக்கா: சண்டை வேண்டாம், கை கால் வரையறதுலயே அழுதுடுவாங்க. கடைசி ஷாட். ஆர்க்கம் மனநலக் காப்பகத்துச் சிறை அறை, இருட்டு, ஃப்ரீஸ் கைல அந்தப் பனி உருண்டை, உள்ள ஆடற பொண்ணு. எபிசோட் ஆரம்பிக்கறதும் அதே உருண்டைலதான், அதனால உருவம் ரெண்டு தடவை கண்ணுல பட்டிருக்கும்.

இளவரசி அக்கா: முக்கால் தாள் கறுப்பாவே கிடக்கட்டும், தொடக் கூடாது. தோள்பட்டைக்கு மங்கின நீலம், வெள்ளை ஒரு துளிதான் கலக்கணும். கண்ணுக்கு ரெண்டு சிவப்பு வட்டம், சிவப்புக்கு அடியில முதல்ல வெள்ளை பூசிக் காய வைக்கணும், இல்லைன்னா செங்கல் நிறம் ஆகிடும். சுத்தமான வெள்ளை உருண்டைக்கு மட்டும்.

முத்து மாமா: பனி?

இளவரசி அக்கா: பழைய டூத் பிரஷ்ல வெள்ளைய எடுத்து விரலால சுண்டணும் மாமா. முதல்ல வேஸ்ட் தாள்ல சுண்டிப் பாத்துட்டு. முதல் சுண்டுல எப்பவும் பெரிய சொட்டுதான் விழும். ஃப்ரீஸ் முகத்தை ஒரு துண்டுத் தாளால மூடிக்கச் சொல்லு.

கவின்: ஓகே அக்கா. சனிக்கிழமை 5 மணி. ஃபிளாஸ்க் யார் கொண்டு வர்றீங்க?

முத்து மாமா: நான். ரப்பர் வளையம் பாத்துட்டேன், கிழியல.