லயன்ஸ் ரக்பி தொடர்: டிராவுக்கு எதுக்குத் தனிப் பந்தய ஆட்ஸ்?

ஸ்க்ரம்பித்தன்: "மூணு டெஸ்ட், ஒற்றைப்படை. தொடர் டிரா ஆகவே ஆகாது, அதுக்கு ஆட்ஸ் போடுறதே ஏமாத்து வேலை"ன்னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். லயன்ஸ், அதாவது பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணி, 2017-ல நியூசிலாந்துல ஆடின தொடர் ஞாபகம் இல்லையா? முதல் டெஸ்ட் 30-15 ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து அணி. ரெண்டாவது 24-21 லயன்ஸ். மூணாவது 15-15, தொடர் 1-1. ரெண்டு கேப்டன்களும், ரீடும் வார்பர்டனும், ஆளுக்கொரு கை பிடிச்சுக் கோப்பையைத் தூக்கினாங்க.

கறுப்புச்சட்டை: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. அது டிராவே இல்லை. 78ஆவது நிமிஷம் ஆல் பிளாக்ஸுக்குப் பெனால்டி, அதாவது கோலுக்கு உதைச்சு மூணு பாயின்ட் எடுக்கிற வாய்ப்பு, கொடுத்துட்டு, அப்புறம் ஸ்க்ரம்னு, ரெண்டு அணியும் முட்டித் தள்ளி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குறதுன்னு, மாத்தினார் ரெஃப்ரி. எங்க கையில இருந்து பிடுங்கின தொடர் அது.

கணக்குப்புள்ள: ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆட்ஸ்னா ஒரு ரூபாய் கட்டி ஜெயிச்சா திரும்ப வர்ற தொகை. சும்மா ஒரு உதாரணம்: ஆல் பிளாக்ஸ் 1.25, லயன்ஸ் 5.00, டிரா 20.00. 100-ஐ ஒவ்வொண்ணாலும் வகுத்தா 80, 20, 5. கூட்டினா 105; லாபம் வைக்காம போட்டிருந்தா 100தான் வரும். அந்த மேல்மிச்சம் அஞ்சுலதான் பந்தயம் நடத்துற புக்கி பிழைக்கிறான். டிரா வந்தா 1.25-ல கட்டின பணம் மொத்தமும் போச்சு. அதுக்குத்தான் 'டிரா ஆனா பணம் வாபஸ்'னு தனிப் பந்தயமும் வச்சிருக்கான், அதுல ஆட்ஸ் குறைவு.

கறுப்புச்சட்டை: வகுத்தல் எனக்கும் தெரியும் வாத்தியாரே. அது பெனால்டியா இல்லையா, அதைச் சொல்லுங்க.

ஸ்க்ரம்பித்தன்: லயன்ஸ் ஆள் மேல தெரியாம பட்ட பந்து, ஸ்க்ரம்தான். 1955-ல தென்னாப்பிரிக்காவிலயும் தொடர் 2-2. அதுக்கு எந்த ரெஃப்ரியைத் திட்டப் போறீங்க?

கறுப்புச்சட்டை: அது நாலு டெஸ்ட், இரட்டைப்படை! நான் சொன்னது மூணு. படிச்சுட்டு வாங்க.

ஸ்க்ரம்பித்தன்: மூணுலதானே 2017-ல டிரா ஆச்சு!

கறுப்புச்சட்டை: ஆகலை. பெனால்டி.

லைன்அவுட்ராணி: ரெண்டாவது டெஸ்ட்ல 25ஆவது நிமிஷமே ஆல் பிளாக்ஸ் வீரர் சோனி பில் வில்லியம்ஸுக்குச் சிவப்பு அட்டை. அதையும் பிடுங்கிட்டாங்கன்னு சொல்வாரு பாருங்க.

கறுப்புச்சட்டை: சொல்வேன். 14 பேரை வச்சு மூணு பாயின்ட்லதான் தோத்தோம். போன வருஷம் நீங்க ஸ்க்ரம் பத்தி எழுதின அபத்தமும் எனக்கு மறக்கலை.

லைன்அவுட்ராணி: அந்தப் பதிவை இங்க எதுக்கு இழுக்குறீங்க?

கணக்குப்புள்ள: 105 ஏன் 100 இல்லைங்கிறது யாருக்காவது புரிஞ்சதா?

கறுப்புச்சட்டை: பெனால்டி. அந்த ரீப்ளேவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.