பதற்றத்துக்குத் தியானம்: பலன் உண்டா, ஏமாத்து வேலையா?

தங்கச்சிமடம்_பொண்ணு:
வீட்டுக்காரவுக விசைப்படகுல போறாக. திங்கள், புதன், சனி கடலுக்குப் போற நாள். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. தலைமாட்டுல போன். வாட்ஸ்அப்புல "ஒரு போட்டைப் பிடிச்சுட்டாங்களாம்"னு ஒரு வரி வந்தாப் போதும், நெஞ்சு படபடன்னு அடிச்சு உள்ளங்கை வேர்த்துடும். அவுக வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த அப்புறமும் அடங்க மாட்டேங்குது. தியான வகுப்பு ஒண்ணுல சேர்ந்தேன். அரை மணி நேரம் கண்ணை மூடி அசையாம உக்காரச் சொல்றாக. மூடினா இலங்கை நேவிக் கப்பல்தான் தெரியுது. தொடரவா, விடவா?

வாடைக்காத்து:
விடுங்க தங்கச்சி. உங்க பயத்துக்குக் காரணம் மனசுல இல்ல, கடல்ல இருக்கு. போட்டைப் பிடிச்சா ஓனருக்குத் தலைக்கு மேல கடன், கூலிக்குப் போனவன் சிறையில. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் அடுப்பு எரியறதே பெரும்பாடு. இதுக்கு "மூச்சைக் கவனி"ன்னு சொல்றது அநியாயத்தைச் சகிச்சுக்கப் பழக்கற வேலை.

மண்டபம்_நர்ஸ்:
அண்ணே, காரணம் கடல்லதான் இருக்கு, யாரு இல்லன்னா? ஆனா புருஷன் வீட்டுல வந்து படுத்த அப்புறமும் நெஞ்சு அடிக்குதுன்னு எழுதியிருக்காங்களே. ஆபத்து போயிடுச்சுன்னு உடம்பு நம்பல. மூச்சை விடும்போது, மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு கொஞ்சம் மட்டுப்படும். அதனாலதான் இழுக்கறதை விட விடறதை நீட்டச் சொல்றோம். 2022-ல அமெரிக்காவுல பதற்ற நோய் உள்ள 276 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியாச்சு. ஒரு பாதிக்குப் பதற்றத்துக்குக் கொடுக்கற எஸ்சிடலோபிராம் மாத்திரை, மறு பாதிக்கு 8 வாரம் தியானப் பயிற்சி. ரெண்டு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைஞ்சுது.

வாடைக்காத்து:
மிச்சத்தையும் சொல்லணும்ல? வாரம் ரெண்டரை மணி நேரம் வகுப்பு, வீட்டுல தினம் 45 நிமிஷம். விடியுமுன்னே தண்ணிக் குடம் தூக்கி, மீனைத் தரம் பிரிச்சு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பறவளுக்கு அந்த 45 நிமிஷத்தை யாரு கொடுப்பா?

கீழக்கரை_காக்கா:
எங்க உம்மா தியானமே வேணாம்கறாங்க. சுபுஹு தொழுதுட்டு திக்ரு, அதான் இறைவன் பேரைத் திரும்பத் திரும்ப ஓதினா மனசு அடங்குது, வேற எதுக்குன்னு கேக்கறாங்க. அது இருக்கட்டும். எனக்குப் பயம் வேற. 2001 ஆகஸ்டுல ஏர்வாடியில மனநலக் காப்பகம்னு நடத்தின இடத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. டாக்டரைத் தள்ளிப்போட்டு "இதைச் செய், சரியாயிடும்"னு யாரு சொன்னாலும் எனக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வரும்.

மண்டபம்_நர்ஸ்:
காக்கா, தள்ளிப்போடச் சொல்லவே இல்ல. தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைஞ்சாலும் இதே படபடப்பு வரும், அதை முதல்ல பாத்துடணும். தூக்கமில்லாம வாரக்கணக்கா இழுத்தா, செத்துடலாம்னு தோணினா, 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.
உம்மா ஓதறதைக் குறைச்சு எடை போடாதீங்க. ஜெபமாலை உருட்டற ஆத்தாவும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் மனசைக் கட்டறாங்க.
தங்கச்சி, அரை மணி நேரம் உங்களுக்கு இப்ப ஆகாது. பதற்றம் உள்ளவங்களுக்குக் கண்ணை மூடினதும் கூடறதும் உண்டு. வாசப்படியில உக்காந்து கண்ணைத் திறந்து வச்சுக்கங்க. பாதம் தரையில படறதைப் பாருங்க. மூக்கால இழுத்து, அதைவிட மெதுவா விடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும். நினைப்பு கப்பலுக்கு ஓடத்தான் செய்யும். ஓடினது தெரிஞ்சதும் திரும்ப மூச்சுக்கு வாங்க, அம்புட்டுதான். படபடப்பு வந்தப்புறம் தொடங்காம, சும்மா இருக்கற நாள்லயே பழகணும்.

பாசிக்காரி:
நான் சின்னப்பாலம். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டுக் கடல்பாசி எடுக்க முங்குறவ. மூச்சு வாங்கிக்கிட்டே முங்கினா பாதியிலேயே மேல வந்துரணும். மேலேயே நின்னு, மூச்சு நிதானப்பட்டாத்தான் பாறை வரைக்கும் கை போகும். இதுக்கு எந்த வகுப்புக்கும் நான் போகல. வாடைக்காத்து அண்ணே, போராட்டத்துக்குக் கொடி பிடிச்சு நிக்கிறவளும் முந்தின ராத்திரி தூங்கணும்ல?

வாடைக்காத்து:
தூங்கட்டும் ஆத்தா, வேணாம்கல. காசு வாங்கிக்கிட்டு "உன் பயம் உன் நினைப்பு"ங்கறான் பாருங்க, அவனைத்தான் சொல்றேன்.

தங்கச்சிமடம்_பொண்ணு:
நாளைக்குச் சனி. வாசப்படியில உக்காந்து பாக்குறேன். டெஸ்டுக்கு ரத்தமும் குடுத்துட்டு வாரேன். வகுப்புக்குக் கட்டின காசு திரும்ப வருமா?

வாடைக்காத்து:
வராது. அந்த வாட்ஸ்அப் குரூப்பை மொதல்ல ம்யூட்ல போடுங்க, அது ஓசி.

பாசிக்காரி:
ம்யூட்ல போட்டா நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கத்தான் தோணும். போனைப் பக்கத்து வீட்டு மதினிகிட்டக் குடுத்துட்டுப் படுங்க. சேதி இருந்தா அவுக வந்து எழுப்புவாக.